பக்கத்து வீட்டுத் தோட்டாப் பிறெஸ்

86 ஒக்டோபர் 4, சனி

காலை மழை. பிறகு வெயில் மாதிரி ஒன்று. முற்றத்து இலை பாதி கூட்டியாயிற்று, மீதி நனைந்து நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. காதுக்குள் இரைச்சல் குறையவில்லை. சப்பாத்து தைக்கக் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு வோல்ற்றர் வேலிக்கு மேலால் கை காட்டிக் கூப்பிட்டார். அவர் வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டிருக்கிறார்கள். அவர் மனைவி போன மாசியில் காலமானார். இனி விட்பி என்ற ஊரில் மகள் வீட்டோடு போகப் போகிறார். என் பெயர் கதிர்காமத்தம்பி. அவர் வாயில் நுழைந்தது கடைசித் துண்டு மட்டும். எழுபத்திரண்டு வயதில் ஒரு வெள்ளைக்காரருக்குத் தம்பி. அவர் என்னிலும் இளமை.

பேஸ்மென்றுக்குக் கூட்டிப் போனார். மர மேசையில் போல்ற் போட்டு இறுக்கிய பச்சை இரும்புச் சாமான். மேலே ஒரு திருகு வாய், கீழிருந்து ஏறி இறங்கும் தண்டு, பக்கத்தில் நீளக் கைபிடி, நுனியில் மரக் குமிழ். பெயின்ற் கறுத்துப் போய், எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார் பூசினது மாதிரி. வெடிமருந்து அளக்கும் பித்தளைக் குழாய் ஒன்று, அதுவும் அட்டைக் கறுப்பு. தகரப் பேணிக்குள் வெடித்து முடிந்த தோட்டாக்களின் வெறும் கோதுகள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது, தோட்டா நிரப்பும் பிறெஸ். ஒரு கோதை எடுத்துத் தண்டின் நுனியில் செருகிக் கைபிடியை அமத்தினேன். கோது மேலே ஏறி வாய்க்குள் புகுந்து, இறுகி, இறங்கியது. வோல்ற்றர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"யூ நோ?"

"ஐ நோ."

என்னிடம் இருக்கும் இங்கிலீஷில் அது பெரும் பங்கு.

ஊரில், படுவான்கரையில், நிலக்காரப் போடியார் ஒருவரின் வயலுக்கு நான் காவல் இருந்தவன். லைசென்ஸ் துவக்கு. பன்றிக்கும் யானைக்கும் புதுத் தோட்டா வாங்கிக் கட்டாது, வெடித்த கோதையே திரும்ப நிரப்புவோம். எங்களிடம் மெஷின் ஏது. துளை போட்ட முதிரை மரக் கட்டை, ஒரு ஆணி, ஒரு கம்பு. கடதாசிக் கோது பனிக்கு ஊதிவிடும், பிறகு துவக்குக்குள் போகாது. ஊதினதைப் பழைய அளவுக்கு இறுக்க நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க உருட்டுவோம். இந்த இரும்பு அதை ஒரு இழுப்பில் முடிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி.

ஒக்டோபர் 5, ஞாயிறு

வானம் மப்பு. காற்று.

வோல்ற்றர் தள்ளுவண்டியில் பிறெஸை வைத்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். மகள் யோகம் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். (அவளுக்கு நேர்சிங் ஹோம் சமையலறையில் வேலை. இங்கிலீஷ் அங்கே பிடித்தது.) விஷயம் இது: வீடு விற்றுக் கொடுக்கும் பெண், வாங்க வருகிறவர்கள் கண்ணில் இது படக்கூடாது என்றுவிட்டாள். குழந்தையோடு வந்தவர்கள் பார்த்துவிட்டு மாடி ஏறாமலே போனார்களாம். பழைய பிறெஸ் சேர்க்கும் மனிதர் ஒருவர் வருகிற சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார். அதுவரை உங்கள் வீட்டில் இருக்கட்டுமா.

ஓம் என்றேன். யோகத்தைக் கேட்கவில்லை, மருமகனையும் கேட்கவில்லை.

ஏன் என்று எழுதி வைக்கிறேன். இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருடம். குட் மோர்னிங் சொல்வார்கள், குளிர் என்பார்கள். ஒரு பொருளைக் கொண்டுவந்து, இதை வைத்திரு என்று இதுவரை ஒருவரும் தந்ததில்லை. வந்தபடியே அது திரும்பிப் போக வேண்டும். அது என் பொறுப்பு.

மருமகன் சிவம் வேலையால் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை.

"மாமா, உது என்ன சாமான் எண்டு தெரிஞ்சுதான் வாங்கி வச்சனீங்களோ?"

"இரும்பு."

"உது தோட்டா செய்யிற இரும்பு. என்ர தம்பியின்ர கேஸ் இன்னும் இமிக்கிரேஷனில கிடக்கு. ஆரும் வந்து பாத்தால், தமிழன்ர வீட்டில தோட்டா மெஷின் எண்டால், என்ன நினைப்பாங்கள்?"

யோகம் சொன்னாள்: "வெடிமருந்து, கேப்பு எல்லாம் அந்த மனிசன் சுடுற கிளப்பில ஆற்றையோ கையில குடுத்திட்டாராம். இதில ஒண்டும் இல்ல."

"ஒண்டும் இல்லாததை ஏன் ஒளிச்சு வைக்கிறீங்கள்?"

"ஆரு ஒளிச்சது? மேசையில இரிக்கு" என்றேன்.

சிவம் யோகத்தின் பழைய நூல் சேலையை எடுத்து அதைப் போர்த்தினார். போர்த்தின பிறகு நிச்சயமாக ஒளித்து வைத்தது மாதிரித்தான் இருந்தது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில். உடுப்பு தோய்க்கும் மெஷின் திரும்பவும் தண்ணீர் விடுகிறது.

கை வலிக்கிறது. நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். இந்த எழுத்து, கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும்போது கடைசி வாங்கில் இருந்து பிடித்தது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. இனி வோல்ற்றர் என்று முழுக்க எழுதமாட்டேன். வோ. போதும்.

வோ. தேநீருக்கு வந்தார். பிறெஸைப் பற்றிக் கேட்டேன், இந்தப் பழசு இன்னும் எதற்காவது ஆகுமா என்று. அவர் நிறையச் சொன்னார். யோகம் கொஞ்சம் சொன்னாள். என் மனதில் நின்றது:

புது மெஷின்: ஒரு இழுப்பில் நாலு வேலை. வேகம். ஒன்று பிழைத்தால் நாலும் பிழை, அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள் ஒரு பெட்டி தோட்டா வீண்.

பழையது: ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. ஒவ்வொரு கோதையும் கையால் தொட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் கீறல் விழுந்த கோதும் பழுதான கோதும் விரலுக்கே தெரியும்.

இரும்பு தடிப்பு. எவ்வளவு பாரம் கொடுத்தாலும் வளையாது.

திருகு வாய்: கோதை இறுக்க இன்றைக்குக் கடையில் விற்கும் அச்சும் இதில் ஏறும். அது முக்கியம் என்று இரண்டு தரம் சொன்னார். இதற்கு முந்தின மொடல்களில் ஏறாது. அவை அலுமாரிக்குள் வைத்துப் பார்க்கத்தான்.

உடைந்தால் பாகம் கிடையாது. கடைசல்காரனிடம்தான் போக வேண்டும்.

"அப்ப நல்லாத்தானே இரிக்கு. ஏன் விக்கிறீங்க எண்டு கேளு மகள்."

கேட்டாள். வோ. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். விட்பி வீட்டில் பெரிய கராஜ் இருக்கிறதாம். அந்த அழுக்குப் பிசாசு என் வீட்டுக்கு வரக்கூடாது என்று மகள் லின்டா சொல்லிவிட்டாளாம். பழைய கோழிக்கூடு மாதிரி நாறுகிறதாம்.

வாங்க வருகிறவர் சுடுவாரா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு தோட்டாகூட நிரப்பமாட்டாராம். வீட்டில் இப்படி ஒரு அறை நிறைய இருக்கிறதாம்.

"பின்ன எதுக்காம்?"

"வெச்சிரிக்கவாம் அப்பா."

சுடாத மனிதருக்குத் தோட்டாப் பிறெஸ். சரி. வோ. வுக்கும் அது அவ்வளவு பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. குப்பைக்குப் போகாமல் ஒரு வீட்டுக்குப் போகிறதே என்று ஆறுதல்.

ஒக்டோபர் 8, புதன்

காதுக்கு விடும் மருந்து முடிந்தது.

அடுத்த தெரு பரமேஸ் அன்ரி கருவேப்பிலை கொண்டுவந்தார். சேலையின் விளிம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டார். சிவம் பாய்ந்து போனார்.

"உதென்ன தம்பி, இடியப்ப உரலோ?"

"ஓம் அன்ரி. இடியப்ப உரல்."

"உவ்வளவு பெரிசோ? கலியாண வீட்டுச் சாமான் போல கிடக்கு."

"ஓம் அன்ரி. பெரிய குடும்பங்களுக்கு."

"அப்ப கோயில் அன்னதானத்துக்கு ஒருக்காத் தாங்கோவன். நாங்கள் கையால பிழிஞ்சு பிழிஞ்சு மணிக்கட்டு விட்டுப் போச்சு."

சிவத்தின் முகம். யோகம் குசினிக்குள் போய்ச் சிரித்தாள். நான் உரலின் தட்டு உடைந்து கிடக்கிறது, திருத்தக் கொடுக்க வேண்டும் என்றேன். அன்ரி நம்பவில்லை. தர மனமில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்.

ஒக்டோபர் 10, வெள்ளி

நல்ல வெயில், குளிர். ஞாயிறு சரஸ்வதி பூசை. வீட்டில் உள்ள பித்தளை எல்லாம் வெளியில் வந்தது. குத்துவிளக்கு இரண்டு, செம்பு, தட்டம், மணி. யோகம் பழப்புளியைக் கரைத்து உப்புப் போட்டு வைத்தாள். சாம்பலுக்கு இங்கே எங்கே போவது.

நாளைக்கு வோ. அந்த மனிதரைக் கூட்டி வருகிறார். பிறெஸைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அயலவன் தந்த பாத்திரத்தை அழுக்கோடு திருப்பிக் கொடுத்தால், நீ தந்ததை நான் மதிக்கவில்லை என்று முகத்தில் சொன்ன மாதிரி. இதுவோ விலைக்குப் போகிற சாமான். பெண் பார்க்க வருகிற நாளில் பிள்ளையை முகம் கழுவாமல் இருத்துவார்களா.

யோகத்துக்கும் அதே எண்ணம். நான் சொல்வதற்கு முன் அவளே சொன்னாள்.

பித்தளைக் குழாயைப் புளியில் ஊறப் போட்டுத் துலக்கினோம். விளக்கை விடப் பளபளப்பு. இரும்பை முதலில் சோப்புத் தண்ணீரில். கறுப்பு கரைந்து ஓடியது. பச்சைப் பெயின்ற் அங்கங்கே செதில் செதிலாக எழும்பி நின்றது, அரைகுறையாக விட்டால் சொறி பிடித்த நாய் மாதிரி இருக்கும் என்று இரும்புப் பஞ்சால் முழுக்கத் தேய்த்தோம். முன்பக்கம் மஞ்சள் எழுத்தில் ஏதோ இருந்தது, அதுவும் போயிற்று. மரக் குமிழை மண்காகிதத்தால் உரஞ்சினேன். பிறகு தேங்காய் எண்ணெய். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டை மறந்து செய்த வேலை. எனக்குத் தோளே இல்லை.

முடிந்தபோது இரும்பு வெள்ளி மாதிரி இருந்தது. யோகம் விளக்குக்குப் பொட்டு வைத்த கையோடு அதன் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

சிவம் பார்த்துவிட்டு முதல் தடவையாக நல்ல வார்த்தை சொன்னார்: "இப்ப ஆரும் கண்டாலும் கோயில் சாமான் எண்டு சொல்லலாம்."

ஒக்டோபர் 11, சனி

மழை இல்லை. அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தலாம் போல.

பத்து மணிக்கு வந்தார்கள். சேகரிப்புக்காரர் மெலிந்த, மரியாதையான மனிதர், சட்டைப் பைக்குள் ஒரு பூதக்கண்ணாடி. யோகம் சேலையை விலக்கினாள்.

அந்த மனிதர் கண்ணாடியை வெளியில் எடுக்கவே இல்லை. குனிந்து முன்பக்கத்தில் எழுத்து இருந்த இடத்தைத் தடவினார். பித்தளைக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். பொட்டைத் தொட்டு, விரலில் பட்ட சிவப்பைப் பார்த்தார். பிறகு வோ. வைப் பார்த்தார். வோ. என்னைப் பார்த்தார்.

"ஓ, தம்பி" என்றார்.

யோகம் மெல்லிய குரலில்: "அப்பா, அந்தக் கறுப்புக்கும் அந்தப் பெயின்ருக்கும்தானாம் விலை. அந்த மஞ்சள் எழுத்து இரிக்கிற பிறெஸ் இப்ப கிடைக்கிறதே இல்லயாம்."

"துலக்கினா நல்லதுதானே எண்டு சொல்லு."

"சொன்னன் அப்பா."

"என்னவாம்?"

"நல்ல சாமானாம். இன்னும் அம்பது வருஷம் வேலை செய்யுமாம். ஆனா அவருக்கு வேலை செய்யிற சாமான் தேவையில்லயாம்."

மனிதர் எங்களோடு கோபிக்கவில்லை. கைகொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் மோசம். வோ. தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். பிறெஸ் எங்கள் மேசையில்.

நான் பொறுப்பெடுத்த பொருளை நானே கெடுத்தேன். வேறு விதமாக எழுத வழியில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசை. அவல், கடலை, வாழைப்பழம். கடலை தாளிக்கும்போது யோகம் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் போடாத கடலை.

வோ. வீட்டு யன்னல் திரை திறக்கவில்லை. பின்னேரம் லின்டாவின் கார் வந்தது. குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. கார் போகும்போது வோ. வும் அதற்குள். நாளைக்கு இந்த நாட்டின் நன்றி சொல்கிற பண்டிகை, வான்கோழி விருந்து. அதற்காக இருக்கும்.

விளக்குகளுக்கு நடுவில் பிறெஸ் நின்று மினுங்கியது. யோகம் அதற்கும் ஒரு பூ வைத்திருந்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

எல்லாருக்கும் லீவு. வீட்டில் கூட்டம் மாதிரி.

சிவம்: "பச்சைப் பெயின்ற் ஒரு பேணி வாங்கி அடிச்சுவிடுவம் மாமா. ஆருக்குத் தெரியும்?"

"அந்த மனிசன் பூதக்கண்ணாடி வெச்சிரிக்கார்" என்றாள் யோகம்.

"அப்ப கொஞ்சம் கரியும் எண்ணெயும் பூசுவம். பழசு மாதிரி வரும்."

"நம்மட வீட்டில ஊத்தையாக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒராள்தான்."

சிவம் கோபித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். கடையும் லீவு. திரும்பி வந்தார்.

நான் வேண்டாம் என்றேன். ஒரு தரம் கேளாமல் கை வைத்தது போதும். வோ. வந்ததும் இருக்கிறபடியே கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும். பேச வேண்டியதை அங்கே வைத்துப் பேசலாம்.

யோசித்துப் பார்த்தேன். காவலுக்கு இருந்த காலத்தில் என் துவக்கின் பிடியைக் கிழமைக்கு ஒருதரம் துடைப்பேன். போடியார் வந்து பார்ப்பார். மினுங்கினால் இவன் பொறுப்பானவன். பொலிஸில் ஒப்படைக்கச் சொன்ன அன்றும் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். வாங்கின பொலிஸ்காரன், கிழவன் புதுத் துவக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்றான். பெருமையாக இருந்தது, கொடுக்கிற நேரத்திலும். இந்த நாட்டில் ஒரு மனிதர் கறுப்புக்கு விலை கொடுக்க ஊர் கடந்து வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும். தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்ல முடியாது. கேட்டிருக்கலாம் என்று சொல்லலாம்.

ஒக்டோபர் 15, புதன்

முதல் உறைபனி. புல் வெள்ளை.

வோ. திரும்பிவிட்டார். வேலிப் பக்கம் வரவில்லை. நான் இலை கூட்டிக்கொண்டு நின்றேன், அவர் குப்பை வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார். கை காட்டினாரா, தொப்பியைச் சரி செய்தாரா, தெரியவில்லை.

சப்பாத்து தைத்து வந்தது. பிழையான நிற நூல்.

ஒக்டோபர் 18, சனி

காலை வெயில். சிவம் பிறெஸைத் தூக்கினார், நான் குழாயைத் தூக்கினேன். யோகத்துக்கு வேலை. மொழிபெயர்ப்பு சிவம். அவருடையது பக்ரரி இங்கிலீஷ், மெஷின் ஓடுது, மெஷின் ஓடேல்லை என்பதற்கு நன்றாக வரும்.

வோ. கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். பேஸ்மென்றில் மேசையில் வைத்தோம். சிவம் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். நானும் சொன்னேன். எனக்குத் தெரிந்த மற்ற இங்கிலீஷ்.

வோ. போல்ற் நாலையும் தேடி எடுத்து இறுக்கினார். கைபிடியைப் பிடித்தார். எண்ணெயில் கை வழுக்கியது. விரலை மூக்கில் வைத்தார்.

"வட் இஸ் திஸ்?"

"கோக்கனட்" என்றார் சிவம்.

பழந்துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தார். எண்ணெய் பட்டால், தோட்டாவைப் பற்றவைக்கும் கேப்புச் செத்துப் போகும். அது எனக்கும் தெரியும். ஊரில் எண்ணெய்க் கையோடு கேப்பைத் தொட்டதற்கு என் மைத்துனனிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு நினைவு வரவில்லை. விளக்கு துலக்கிற கையாக இருந்தது.

பிறகு ஒரு கோதை வைத்து இழுத்தார். ஏறியது, இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று. தார் போனதால் தண்டு முன்னையிலும் இலகுவாக ஓடியது. அவர் அதைக் கவனித்ததை நான் கவனித்தேன்.

சிவத்திடம் கேட்கச் சொன்னேன், கோபமா என்று. சிவம் தயங்கினார்.

"மாமா, உதை நேர கேக்கிறதோ?"

"கேளுங்க மகன்."

கேட்டார். வோ. யோசித்துவிட்டுச் சொன்னார். போன சனிக்கிழமை நல்ல கோபமாம். விருந்தில் வான்கோழி வெட்டும்போது இன்னும் கூடவாம். இப்போது இடது கைக்குள் அடங்குகிற அளவாம். இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

பொய் சொல்லாதது நல்லது. வீட்டுக்கு வந்து நித்திரை கொண்டேன், மத்தியானம்.

ஒக்டோபர் 25, சனி

லின்டா வந்து சாமான் பிரித்தாள். கொண்டுபோவது, கொடுப்பது, எறிவது. மூன்று குவியல். நான் பெட்டி ஒட்டப் போனேன், யோகமும் வந்தாள். லின்டா உயரம், வேகம், கையில் எப்போதும் ஒரு ஈரத்துணி. தொட்ட இடமெல்லாம் துடைக்கிறாள்.

பேஸ்மென்றில் பிறெஸ் முன்னால் நின்றாள். கனநேரம். யோகம் எனக்குக் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது புதுசா எண்டு கேக்கிறா."

வோ. இல்லை, அதேதான் என்றார்.

"அதுவா இது? எண்டு கேக்கிறா. நம்பயில்ல."

லின்டா விரலால் இரும்பை ஓட்டிப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். சுத்தம். மணந்தும் பார்த்தாள்.

"பிஸ்கட் மணக்குது எண்டுறா அப்பா."

வோ. அப்போதுதான் பேசினார், அவசரமில்லாமல், பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டே. விலைக்குப் போகாது என்றார். இனிமேல் ஒருவரும் வாங்கமாட்டார்கள், எறிவதென்றால் இரண்டு ஆள் வேண்டும் என்றார். நல்லாக வேலை செய்கிறது என்றார். மூன்றும் உண்மை.

லின்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நிபந்தனை சொன்னாள்: கராஜில், ஒரு மூலையில், வெடிமருந்துக்குப் பூட்டுப் போட்ட பெட்டி, பேரப்பிள்ளைகள் நிற்கும்போது கைபிடி கழற்றி மேலே. சம்மதமா?

வோ. தலையாட்டினார். எங்களைப் பார்க்கவில்லை. நான் பெட்டிக்கு ஒட்டுநாடாவை இரண்டாம் தரம் ஒட்டினேன், தேவையில்லாமல்.

வெளியில் வந்தபிறகு யோகம்: "அப்பா, அந்தப் பொம்பிளைக்கு ஊத்தைதான் பிரச்சினையா இருந்திரிக்கு. தோட்டா இல்ல."

"இனி நாமதான் துலக்கினது எண்டு பெருமை பேசாத."

"பேசயில்ல. சொல்றன்."

நவம்பர் 1, சனி

தீபாவளி. எண்ணெய் வைத்து முழுக்கு. யோகம் முறுக்கும் அரியதரமும் வோ. வுக்குக் கொடுத்தாள். பரமேஸ் அன்ரி வந்தார், உரல் எங்கே என்று முதலில் மேசையைத்தான் பார்த்தார்.

"உடைஞ்சுது எண்டியள், எங்க ஆளைக் காணேல்லை?"

"விட்பிக்குப் போகுது அன்ரி" என்றார் சிவம்.

"விட்பியில ஆர் தமிழர் இருக்கினம் இடியப்பம் அவிக்க?"

சிவம் அரியதரத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

ஊரில் இருந்து கடிதம் இல்லை. சிவத்தின் தம்பியின் கேஸுக்குத் திகதி வந்திருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

வோ. வீடு விற்றாயிற்று. ஒரு கிரேக்கக் குடும்பமாம். பலகையில் சிவப்புத் துண்டு ஒட்டியிருக்கிறார்கள்.

காதுக்குப் புது மருந்து, மஞ்சள் நிறம். இரைச்சல் இடம் மாறியிருக்கிறது. குறையவில்லை.

நவம்பர் 15, சனி

பனி கொட்டுகிறது. லொறி காலையில் வந்தது. சிவம் லீவு போட்டுவிட்டு ஏற்றப் போனார், நான் ஏற்றுகிறவர்களுக்குத் தேநீர். பிறெஸ் போர்வையில் சுற்றி லொறியின் முன்பக்கத்தில், வோ. வின் காலடியில். லொறிக்காரன் பின்னால் வைக்கலாம் என்றான், அவர் கேட்கவில்லை.

போகுமுன் வோ. எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. உள்ளே பழந்துணிக்குள் கறுத்த இரும்பு ஒன்று. பாக்குவெட்டி மாதிரி இரண்டு கால், நடுவில் சின்ன வாய். அவருடைய தகப்பன் கையில் வைத்துத் தோட்டா நிரப்பினதாம், பிறெஸ் வருவதற்கு எவ்வளவோ முந்தி. இன்றைய அச்சு எதுவும் இதில் ஏறாது. வேலைக்கு ஆகாது. மேலே தூசியும் கறுப்பும் ஒரு பட்டை. சேகரிப்புக்காரர் இதைப் பார்க்க ஆசைப்பட்டாராம், பனி கரைந்த பிறகு இங்கே வருவாராம். அதுவரை எங்கள் வீட்டில் இருக்கட்டுமா.

யோகம் சொல்லி முடித்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டாள். எனக்காகத் திருப்பிச் சொன்னாள்.

"ஏன் விட்பிக்குக் கொண்டு போகயில்ல எண்டு கேட்டன் அப்பா. அங்க லின்டா எல்லாத்தையும் கழுவுவாவாம். இனிமேல் கழுவாத வீடு எண்டு இப்ப அவருக்கு நம்பிக்கையான வீடு நம்மட வீடு மட்டும்தானாம்."

வோ. சிரிக்கவில்லை. பெட்டியை என் கையில் வைத்து, மூடியில் விரலால் தட்டினார்.

"நோ வோஷ், தம்பி."

"நோ வோஷ்."

கைகொடுத்தார். இடது கையில் தொப்பி. லொறி திரும்பிப் போகும் வரை வாசலில் நின்றோம். சிவத்துக்குத் தும்மல்.

பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். யோகம் கதிரையில் ஏறித் திறந்து பார்த்தாள்.

"தூசி மட்டும் தட்டிவிடட்டா அப்பா?"

"தொடாத, மகள். இறங்கு."